சாம்பிள் என்று எழுதிய கையுறை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். ஒரு கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார்கள்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில், ஒரு பேங்கின் மாடியில் இருந்தது அந்த கிளியரிங் ஏஜென்சி. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, டியூட்டி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது தொழில். எங்கள் பார்ட்டிகளில் பெரும்பாலோர் திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்கள். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அவர்களுக்கு வாரம் முழுவதும் சாம்பிள் வரும். "இதே மாதிரி தைத்துக் கொடு" என்று பையர் அனுப்பும் ஒற்றை டி-ஷர்ட், ஒற்றை ஜட்டி, ஒரு குழந்தைச் சட்டை.

விற்பனைக்கு வரும் துணிக்கு டியூட்டி உண்டு. அந்த வருடங்களில் அது பொருளின் விலையில் பாதிக்கு அருகில் போகும். சாம்பிளுக்குக் கிடையாது. ஆனால் சாம்பிள் என்று சொல்லி நல்ல சட்டையைக் கொண்டுவந்து யாரும் விற்றுவிடக் கூடாது. அதனால் ஆபீசரின் கண்முன்னால் அதை வெட்ட வேண்டும். உடுத்த முடியாதபடி வெட்டிய பிறகுதான் பேப்பரில் கையெழுத்து விழும்.

எங்கள் முதலாளி ரங்கசாமி அன்று காலையில் எனக்குச் சொன்ன பாடம் இதுதான்:

"அம்மணி, இது டெய்லர் வேலைன்னு நெனச்சுப்போடாதீங்க. டெய்லர் தைக்கறதுக்கு வெட்டுவாரு. நாம தைக்க முடியாத மாதிரி வெட்டோணும். ஆனா பார்ட்டிக்கு அளவு கெடக்கூடாது, பிரிண்ட் கெடக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குதுங்க. அதக் கண்டுபுடிச்சுட்டா நீங்க பொழச்சுக்குவீங்க."

நான் கண்டுபிடித்துவிட்டேன். முதல் மாதத்திலேயே, சட்டையைக் கையில் வாங்கும்போதே எங்கே வெட்டுவது என்று தெரியும். முன்பக்கம், பாக்கெட்டுக்குக் கீழே, மடிப்புக்கு மேலே. நாலு விரல் நீளம், நேர்கோடு. ஆபீசருக்கும் திருப்தி, பார்ட்டிக்கும் திருப்தி. டாக்குமென்டேஷன் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். சாம்பிள் பார்சல் என்றால் நான்தான். "அந்தக் கத்தரிக்கோல் அம்மணி" என்று ஏர்போர்ட் சரக்கு ஷெட்டில் லோடுமேன்கள் சொல்வது என் காதில் விழும். எனக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2. ஒரு போன்

தொண்ணூற்றொன்பது வாக்கில் திருப்பூர் ஆபீஸ்களில் ஒவ்வொன்றாக இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. டெலிபோன் லைனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகி, அது கத்தி முடிக்கும் வரை காத்திருப்பார்கள். அது வந்ததிலிருந்து எங்களுக்குப் புதுவிதமான போன்கள் வர ஆரம்பித்தன. "அமெரிக்காவுல ஒரு சாமான் பாத்தனுங்க, வரவழைச்சா கஸ்டம்ஸ் எவ்வளவு ஆகும்?" கேமரா கேட்டவர்கள் உண்டு. நாய்க்கு ஷாம்பு கேட்டவரும் உண்டு.

அப்படித்தான் சிவராஜ் கூப்பிட்டார். நடுத்தர அளவில் ஏற்றுமதி செய்பவர், எங்களுக்குப் பழைய பார்ட்டி.

"ஏனுங்க அம்மணி, ஒரு ரோசனை கேக்கோணும். இன்டர்நெட்ல ஒரு சாமான் ஆர்டர் போடறோம். டியூட்டி எவ்வளவு வருமுங்க?"

"என்ன சாமானுங்க சார்?"

"கிளவுஸுங்க. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணா? ஒத்தைக் கைக்குப் போட்டு என்னங்க பண்றது?"

அவர் சிரிக்கவில்லை. அவருடைய கம்பெனியில் அயர்ன் டேபிளுக்கு ஸ்டீம் போகும் ஹோஸ் வெடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற பூங்கொடி என்ற பெண்ணின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. பனியன் தைக்கும் பிளாட்லாக் மெஷின் ஓட்டுபவள், நல்ல வேலைக்காரி. அவள் கணவர் தண்டபாணியை எனக்குத் தெரியும். அதே கம்பெனியின் வேன் டிரைவர். எங்கள் ஷெட்டுக்கு வந்து சாம்பிள் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போகிறவர்.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டிவிட்டார்கள். புண் ஆறியதும் தழும்பு தடித்து விரல்களை உள்ளே இழுக்குமாம். இழுக்காமல் இருக்க இறுக்கமான ஒரு கையுறையை இரவும் பகலும் போட வேண்டும். இங்கே தைத்துக் கொடுத்தது நாலு நாளில் தளர்ந்துவிட்டது. டாக்டர் காட்டிய அமெரிக்கக் கம்பெனி, ஒவ்வொரு விரலின் சுற்றளவையும் வாங்கி அந்தக் கைக்கென்றே செய்து அனுப்பும். ஆஸ்பத்திரியில் எடுத்த அளவையெல்லாம் சிவராஜ் தன் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அடித்துவிட்டார். அவருடைய கிரெடிட் கார்டு, தண்டபாணியின் சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பதாகப் பேச்சு.

"டியூட்டி எதுக்குங்க சார் கட்டறீங்க?" என்றேன். "கடைசில ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் இருக்குமுங்க. அதுல, இன்வாய்ஸ்ல 'சாம்பிள், நோ கமர்ஷியல் வேல்யூ'ன்னு போடச் சொல்லிருங்க. ஒத்தைக் கிளவுஸ், ஜோடி இல்ல. பாத்தாலே சாம்பிள்னுதான் தெரியும்."

அவர் துணிக்காரர். உடனே கேட்டார். "வெட்டச் சொல்ல மாட்டாங்களா?"

"சட்டை பனியனுக்குத்தானுங்க வெட்டறது. தொப்பி, கிளவுஸுக்கெல்லாம் நம்ம ஆபீசர் உள்பக்கம் ஒரு சீல் வெச்சு உட்டுருவாருங்க."

"அப்ப அடிச்சுப்போடட்டுங்களா?"

"அடிங்க சார். நான் பாத்துக்கறேன்."

விற்பனை மதிப்பில்லாத சாம்பிள் என்று பொருள்படும் அந்த ஆங்கில வாக்கியத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் அடித்தார். போனை வைத்ததும் முதலாளி தன் மேஜையிலிருந்து, "நம்ம அம்மணி இருக்கற வரைக்கும் கஸ்டம்ஸ்காரன் பட்டினிதானுங்க" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

3. உள்ளங்கை

பார்சல் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் பழைய ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். வந்தவர் சென்னைக்காரர், சட்டைப் பையில் சொந்தமாக ஒரு ஸ்கேல் வைத்திருப்பார். வெட்டின நீளத்தை அளந்து பார்ப்பார்.

அன்று காலையில் தண்டபாணி ஷெட்டுக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

"வந்துருச்சுங்களா? டாக்டரு நாளைக்கே மாட்டோணும்னு சொல்லிப்போட்டாருங்க. சுண்டு வெரலு உள்ளார மடங்க ஆரம்பிச்சிருச்சு. அவ வெசனப்பட்டுட்டு சரியாச் சாப்பிடறதே இல்லீங்க."

"பத்து நிமிஷமுங்க. வாரேன்" என்று சொல்லி உள்ளே போனேன்.

பெட்டியைப் பிரித்தார்கள். பழுப்பு நிறத்தில், முழங்கை வரை நீண்ட கையுறை. விரல் நுனிகள் திறந்திருந்தன. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பருமன். யாரோ ஒருவரின் கையைப் பார்த்துத் தைத்தது என்று குழந்தைக்கும் தெரியும்.

ஆபீசர் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கிளவுஸ் சாம்பிள் சார்."

"இன்னொண்ணு எங்க?"

"சாம்பிள்தான சார். ஒண்ணுதான் அனுப்புவாங்க."

"நல்ல எலாஸ்டிக். சரி, வெட்டிருங்க."

"சீல் வெச்சுக் குடுத்துடுங்க சார். முன்ன இருந்த சார் கிளவுஸுக்கு அப்படித்தான்..."

"முன்ன இருந்த சார் இப்ப இல்லல்ல. இது துணிதான? வெட்டுங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சார், இது சாம்பிள் இல்லை, ஒரு பெண்ணின் கைக்கு வந்த மருத்துவச் சாமான், இன்வாய்ஸில் அப்படி எழுதச் சொன்னது நான்தான். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தவரை தெரியும். பொய் டிக்ளரேஷன். சரக்கு பிடிக்கப்படும், ஃபைன் விழும், ஏஜென்சி லைசென்ஸுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பழைய பார்சல்களையும் கிளறுவார்கள். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்புவார். இத்தனையும் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது.

கையுறையின் மேல் விளிம்பில், முழங்கைப் பக்கம் கத்தரிக்கோலை வைத்தேன்.

"அங்க வெட்டினா ஒண்ணும் ஆகாது. மடிச்சுத் தெச்சுக்குவீங்க. உள்ளங்கையில வெட்டுங்க."

உள்ளங்கையில் வெட்டினேன். நாலு விரல் நீளம், நேர்கோடு. இழுவையுள்ள துணி என்பதால் வெட்டிய இடம் தானாக அகன்றது. அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். கையெழுத்துப் போட்டார். டியூட்டி இல்லை.

4. கட்டிங் மாஸ்டர்

வெளியே வந்து தண்டபாணியிடம் சொன்ன வாக்கியம்: "கஸ்டம்ஸ்ல வெட்டிப்போட்டாங்க."

அவர் உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குங்க வெட்டுனாங்க?"

"புது ஆபீசருங்க. நெம்பக் கெடுபிடி. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"நீங்க இல்லைன்னா இதுகூடக் கைக்கு வந்திருக்காதுங்க" என்றார் அவர். அப்படிச் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். எனக்கு நன்றி சொன்னதாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆபீஸில் முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சிறிது நேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"சிவராஜுகிட்ட என்ன சொன்னீங்க?"

"இன்னும் பேசலீங்க."

"நம்ம பேரு இதுல வரக்கூடாதுங்க அம்மணி. வெட்டச் சொன்னது கவர்மென்ட்டு. நாம வெட்டல. ஞாயித்துக்கெழம ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருங்க. ஆப்பிள் வாங்கிக்கங்க, வவுச்சர் போட்டுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு போனேன். திருப்பூரில் ஒரு லைன் வீடு. பூங்கொடிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வலது கையை மடியில் வைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். வெட்டிய கையுறை பக்கத்தில் கிடந்தது. உள்ளங்கையில் பிளாட்லாக் தையல் ஓடியிருந்தது. கூட வேலை பார்த்தவள் கம்பெனியில் தைத்துக் கொடுத்தாளாம்.

"ரெண்டு நாள் போட்டுப் பாத்தனுங்க" என்றாள். "தையல் மேடு புதுத் தோல்ல உரசி, கொப்புளம் வந்து ஒடஞ்சுபோச்சு. டாக்டரு பாத்துட்டு, இதத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

பிறகு இடது கையால் உறையை எடுத்து, தையல் பிரிந்திருந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்த கஸ்டம்ஸ்காரரு நல்ல கட்டிங் மாஸ்டரா இருப்பாரு போல. எலாஸ்டிக் துணியில இப்படிப் பிசிறில்லாம வெட்டறது லேசில்லீங்க. கை நடுங்கியிருந்தா கோணிக்கும்."

தண்டபாணி, "சும்மா இரு கண்ணு, அவிய ஊட்டுக்கு வந்திருக்காங்க" என்றார்.

நான் ஆப்பிளை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

5. நாற்பது நிமிடம்

இரண்டாவது ஆர்டர் போட்டார்கள். மறுபடி அளவு எடுத்து, மறுபடி ஐந்து வாரம், மறுபடி சம்பளத்தில் பிடித்தம். இந்த முறை ரிமார்க்ஸ் கட்டத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்று சிவராஜிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

பார்சல் வந்தது. உண்மையான இன்வாய்ஸ், உண்மையான விலை, ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று. ஆபீசர் கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதே மாதிரி முன்னாடி ஒண்ணு வந்துதே?"

"ஆமா சார்."

"அதுவும் இந்த பேஷன்ட்டுக்குத்தானா?"

"ஆமா சார்."

பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? இன்வாய்ஸ் தப்பா வந்துருக்கு, திருத்திக்கறோம்னு ஒரு லெட்டர் குடுத்திருந்தா எடுத்துட்டிருப்பேன். மிஞ்சிப்போனா ஒரு ஃபைன். சாமானைக் குடுத்திருப்பேன்ல."

அன்று அப்படிச் செய்திருப்பாரா, இன்று சொல்வது எளிதாக இருப்பதால் சொல்கிறாரா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆனால் அவர் அடுத்துச் செய்தது கண்ணால் பார்த்தது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு டியூட்டி என்று சொல்லும் டேரிஃப் புத்தகத்தை எடுத்தார். ஊனமுற்றோருக்கும் சிகிச்சைக்கும் வரும் உபகரணங்களின் பட்டியலைப் புரட்டினார். டாக்டர் கடிதத்தை இணைத்துச் சலுகை விகிதத்தில் டியூட்டி போட்டார். நான் சிவராஜிடம் போனில் தவிர்க்கச் சொன்ன தொகையில் அது ஒரு சிறு பகுதி. அந்தப் பட்டியல் எங்கள் ஆபீஸ் அலமாரியிலும் இருந்தது. சாம்பிள் வெட்டுகிறவளுக்கு அதைப் படிக்க வேலை வந்ததில்லை.

பெட்டி பிரித்ததிலிருந்து வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. ஆபீசர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் அங்கே இல்லை.

6. ரசீது

சுண்டு விரலும் மோதிர விரலும் அதற்குள் மடங்கி இறுகிவிட்டன. கையுறை மற்ற மூன்று விரல்களைக் காப்பாற்றியது. மறுபடி அறுத்து நிமிர்த்தலாம், ஆனால் மறுபடி தொடைத் தோல் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, பூங்கொடி போதும் என்றுவிட்டாள். பிளாட்லாக்கில் துணியை உள்ளே தள்ளிவிட வலது கையின் ஐந்து விரலும் வேண்டும். கம்பெனியில் அவளைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டிலிருந்து, அதைவிடக் குறைந்த ஹெல்பர் கூலிக்கு இறக்கம்.

டியூட்டி கட்டிய ரசீதைக் கொடுக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முதலாளி அனுப்பவில்லை. கையில் ஆப்பிளும் இல்லை. ரசீதைக் கொடுத்துவிட்டு, போனில் நான் சொன்ன வாக்கியத்திலிருந்து உள்ளங்கையில் வெட்டியது வரை வரிசையாகச் சொன்னேன்.

பூங்கொடிதான் முதலில் பேசினாள். "அப்ப அந்தக் கட்டிங் மாஸ்டர் நீங்கதானுங்களா."

"ஆமாங்க."

அவள் தலையை ஆட்டினாள். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்டபாணி ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இவ்வளவுதானுங்களா டியூட்டி?"

"டாக்டர் லெட்டர் வெச்சா இவ்வளவுதானுங்க. வெக்காட்டி பாதி வெலை வரும்."

"பாதி வெலையின்னு நெனச்சுத்தானுங்க மொதல்லயே சீட்டெடுத்து வெச்சிருந்தேன். எங்க முதலாளிகிட்டயும் சொன்னனுங்க, கட்டிப்போடலாமுன்னு. அதெல்லாம் வேண்டியதில்ல, கோயமுத்தூரு அம்மணி பாத்துக்குவாங்கன்னு சொல்லிப்போட்டாரு." சமையல் மேடையைக் காட்டினார். "அந்தப் பணத்துலதானுங்க மிக்சி வாங்குனது. ஒத்தைக் கையில ஆட்டாங்கல்லு சுத்த முடியாதுங்களே."

மிக்சி மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

"எங்கள ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செஞ்சிருக்கலாமுங்க" என்றாள் பூங்கொடி. குரல் உயரவில்லை. பிறகு, "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றாள்.

குடித்தேன்.

அதன்பிறகும் அந்தத் தொழிலில்தான் இருந்து ஓய்வு பெற்றேன். பார்சல் எடுக்கிற வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். டியூட்டியைத் தவிர்த்துக் கொடுப்பதுதான் திறமை என்று உங்களுக்கும் சொல்லித் தருவார்கள். பார்ட்டி பாராட்டுவார், முதலாளி சிரிப்பார். பொருள் எதுவோ அதையே எழுதுங்கள். எழுதிய பிறகு டேரிஃபைப் புரட்டுங்கள், சலுகை இருந்தால் அங்கேதான் இருக்கும். இது எல்லோரும் சொல்லும் பாடம். நான் கற்றது இன்னொன்று. யார் போன் செய்தாலும் தொகையை முதலில் சொல்வேன், "கட்ட முடியுமுங்களா?" என்று கேட்பேன். இந்தக் கேள்வியால் கோபித்துக்கொண்டு வேறு ஏஜென்சிக்குப் போன பார்ட்டிகள் உண்டு. முதலாளிக்கும் அது பிடிக்காமல்தான் போனது. ஆனால் கட்டுகிறேன் என்று சொன்னவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அன்று, ஒரு வேன் டிரைவரிடம் அவ்வளவு பணம் இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தண்டபாணியிடம் பணம் இருந்தது. நான் கேட்கவில்லை.